கரகரத்தால் ஆர்டர் உண்டு

டாலர் இறங்கிக்கொண்டே போன இரண்டாயிரத்து ஏழாம் வருடத்தில், டாலரில் கூலி வாங்கும் திருப்பூர் பனியன் முதலாளிகள் கும்பிடாத சாமி இல்லை. ஒருவர் டாலர் நோட்டுக்கே சட்டம் போட்டு, மாலை சாத்தி, ஊதுபத்தி கொளுத்தினார் என்று கேள்வி. எங்கள் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் சாமியாத்தாள் நிட்வேர்ஸ் நடத்திவந்த சென்னிமலைக்கு மட்டும் அந்த அலைச்சல் இல்லை. அவருடைய சாமி கம்பெனிக்குள்ளேயே இருந்தது. வயது ஐந்து, பெயர் வேல்விழி. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் ஒச்சம்மாளின் மகள்.

நான் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவன். வீடு கம்பெனிக்கு நேர் எதிரில். காலையில் அங்கே போய் உட்கார்ந்தால் ஓசிப் பேப்பர், ஓசி டீ, அளவில்லாத வம்பு. வீட்டில் இவை மூன்றும் கிடையாது. ஆகவே நான் சொல்லப்போவதெல்லாம் கண்ணால் கண்டது. எங்காவது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால், அது என் கண்ணாடியின் பவர்.

வேல்விழிக்குப் புரியாதது ஒன்றுமில்லை. "அந்தச் சிவப்பு நூல்கண்டை எடுத்து மேசைக்கு அடியில் வை" என்றால் கச்சிதமாக வைப்பாள். பதில் சொல்லத்தான் வராது. வாயைத் திறந்தால் உதடு ஓரிடம் தேடும், நாக்கு வேறிடம் தேடும், தாடை நடுவில் நின்று பஞ்சாயத்துப் பண்ணும். காலையில் ஒரு மாதிரி வந்த சொல் மத்தியானம் இன்னொரு மாதிரி வரும், சாயங்காலம் வரமாட்டேன் என்று படுத்துக்கொள்ளும். குரலும் அப்படித்தான். சில நேரம் பழைய ஜெனரேட்டர் கிளம்புவதுபோல் கரகரவென்று அடிவயிற்றிலிருந்து வரும். சில நேரம் மூக்கு வழியாக மெலிந்து வரும். சில நேரம் வெறும் மூச்சுக்காற்று. எது வந்தாலும் ஏற்ற இறக்கம் மட்டும் கிடையாது. கேள்வியும் கெஞ்சலும் கோபமும் ஒரே மட்டத்தில் ஓடும். அந்தக் கரகரப்பை முதன்முதலில் கேட்ட அன்று ஓவர்லாக் மிஷின்கள் வரிசையாக நூலறுத்து நின்றன. நம்பாவிட்டால் போங்கள், நின்றன.

வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். தீயணைப்பான் உண்டா, குழந்தைகள் காப்பகம் உண்டா என்று பார்ப்பார்கள். உண்டு என்று காட்டுவதற்காக எங்கள் ஊரில் காப்பகம் கட்டாத கம்பெனி கிடையாது. சுவரில் யானை இருக்கும், வாத்து இருக்கும். சோதனை நாளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூலிக்கு வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். மற்ற நாளில் பூட்டுத்தான். ஒச்சம்மாளுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். இங்கே பிள்ளையை விட ஆள் இல்லை. கெஞ்சிக் கூத்தாடி அந்தக் காப்பகத்தைத் திறக்க வைத்து மகளை உட்கார வைத்தாள். திருப்பூரிலேயே காப்பகத்தை உண்மையாகவே காப்பகமாகப் பயன்படுத்திய ஒரே குழந்தை அவள்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

ஒருநாள் சென்னிமலை ஒரு பெரிய ஆர்டருக்காகக் காத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்க்கப் பயந்து, காப்பகத்துக்குள் போய் உலாத்திக்கொண்டிருந்தார். பேச்சுக்கு ஒரு பேச்சாக வேல்விழியிடம் குனிந்து, "ஏங்கண்ணு, ஆர்டர் வருமா?" என்றார். வேல்விழி முகத்தைச் சுளித்து, வாயைக் கோணி, கரகரவென்று ஏதோ சொன்னாள். அதே நேரம் மாடியிலிருந்து அவருடைய மகன் சதீஷ்குமார், "அப்பா, மெயில் வந்துருச்சுங்க! கன்ஃபர்ம்!" என்று கத்தினான்.

அவள் அன்றைக்குச் சொன்னது, "என் பொம்மையை மிதிச்சிட்டு நிக்கிறீங்க." இதை ஒச்சம்மாள் என்னிடம் பிறகு சொன்னாள். முதலாளி கேட்கவே இல்லை. அவருக்கு வேண்டியது கரகரப்பு.

அடுத்த வாரம் தூத்துக்குடிக்குச் சரக்கு கிளம்பும்போது கேட்டார். மூக்கால் பதில் வந்தது. லாரி வழியில் படுத்தது, கப்பல் போய்விட்டது. அவ்வளவுதான், சாஸ்திரம் பிறந்துவிட்டது. கரகரத்தால் ஆர்டர் உண்டு. மூக்கில் வந்தால் ஆகாது. காற்று மட்டும் வந்தால் ஒத்திப்போடு.

சதீஷ்குமார் கோயமுத்தூரில் எம்.பி.ஏ. முடித்தவன். மூடநம்பிக்கை என்றால் ஆகாது. வாஸ்து மட்டும் பார்ப்பான். "அப்பா, இதெல்லாம் ரெண்டு மூணு தடவையை வச்சு முடிவு பண்ணக் கூடாதுங்க. சாம்பிள் பத்தாதுங்க" என்று கண்டித்தான். அன்றிலிருந்து சாம்பிள் பத்தட்டும் என்று நூல் வாங்க, சாயத்துக்கு அனுப்ப, டிரைவரை வேலைக்கு வைக்க எல்லாவற்றுக்கும் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். "கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த முதலாளி மெல்ல "சாமி" என்றார். பிறகு செருப்பை வெளியே விட்டார். நான் பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓய்வூதியத்தோடு இப்படி ஒரு சலுகையும் அரசாங்கம் தரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

ஒச்சம்மாளுக்கு இதில் சிரிப்பு வரவில்லை. பங்குனி பிறந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம். சேர்க்கப் போன இடத்தில், "பேச்சு வந்தப்புறம் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் கணவன் பாண்டித்துரை அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பள்ளிக்கூடம் இல்லையென்றால் பிள்ளையை ஊரில் தன் அக்கா வீட்டில் விட்டுவிடலாம் என்பது அவன் முடிவு. "அங்கிட்டு ஆடு மாட்டோட இருந்துக்கிரும். அதுககிட்டப் பேச்சா பேசணும்?" என்றானாம். அன்று அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

ஒச்சம்மாள் விசாரித்து விசாரித்துக் கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனாள். அங்கே ஜனனி என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர், சின்னப் பெண். பிள்ளையை நெடுநேரம் பார்த்துவிட்டு, தொண்டையில் கோளாறில்லை, புத்தியில் கோளாறில்லை என்று சொல்லியிருக்கிறாள். சொல்ல வேண்டியது பிள்ளைக்குத் தெரியும். எதை முதலில் அசைப்பது, எதை அடுத்து அசைப்பது என்று மூளை வாய்க்குப் போட்டுக் கொடுக்கும் வரிசைதான் தடுமாறுகிறது. அந்தத் திண்டாட்டத்தில் மூச்சையும் குரலையும் இறுக்கிப் பிடிப்பதால்தான் கரகரப்பும் மூக்கொலியும் ஒரே மட்டமும்.

ஒச்சம்மாள் இதை எனக்குத் தன் பாஷையில் சொன்னாள். "கையி, காலரு, பாடி எல்லாம் சரியாத்தான் வெட்டி வந்திருக்காம்யா. எதுக்குப் பொறகு எதத் தைக்கிறதுன்னு சொல்ற சூப்ரவைசர்தான் கொழம்புறானாம்."

"அப்ப சூப்பர்வைசருக்கு ட்ரெய்னிங் குடுத்தாப் போச்சு" என்றேன்.

"வாரம் ரெண்டு நாளு, விடாமப் போகணும். விட்டா பழகினதும் மறந்துருமாம். லீவுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றாள். நான் சினிமா பக்கத்தில் மூழ்கியிருந்தேன், அதாவது காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"மொதலாளி, செவ்வாயும் வெள்ளியும் புள்ளையக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போகணும். லீவு வேணும்."

"ஏனம்மிணி, ஷிப்மெண்ட் தலைக்கு மேல கெடக்குது. இப்பப் போயி லீவுங்கற?"

"புள்ளைக்குக் கொரல் பயிற்சிங்கய்யா."

சென்னிமலை நாற்காலியிலிருந்து எழுந்தார். "கொரலுக்கா? சாமி கொரலுக்கு என்னாச்சு?"

"கவனிக்காம விட்டா என்னாகும்னு சொல்ல முடியாதுன்னாங்க."

"போயிருமாக்கு?"

ஒச்சம்மாள் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைத் தேவையான அளவுக்குக் கத்தரித்துக் கொடுத்தாள். கட்டிங் மாஸ்டர் பெண்டாட்டிக்கு அது தெரியாதா?

முதலாளி ஜன்னலைத் திறந்து வாசலைப் பார்த்துக் கத்தினார். "டேய், சுமோவைக் கழுவி வையி! செவ்வாயும் வெள்ளியும் சாமிக்குத்தான் வண்டி!" பிறகு ஒச்சம்மாளிடம் குரலைத் தாழ்த்தி, "நல்லாக் கரகரன்னு வராப்பல பண்ணச் சொல்லு அம்மிணி. செலவப் பத்தி யோசிக்க வேண்டாம்" என்றார்.

இப்படியாக, தமிழ்நாட்டுப் பனியன் வரலாற்றிலேயே முதல்முறையாக ஒரு முதலாளி, ஷிப்மெண்ட் நேரத்தில், சம்பளத்தோடு லீவும் காரும் கொடுத்தார். இதற்கு யாராவது கல்வெட்டு வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி என்றால் மருந்து மாத்திரை அல்ல. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, ஜனனி வாயைப் பார்த்து, தொடையில் தட்டித் தட்டி ஒவ்வொரு அசையாக, அதையே திரும்பத் திரும்பச் சொல்வது. வேல்விழி வீட்டிலும் கம்பெனியிலும் அதே வேலையாகத் திரிந்தாள். பம்பு ரூமில், படியில், சுவர் யானையின் காதில் எல்லாம் "பா… பா… மா… பாமா" என்று ஓதினாள். இரண்டு மாதத்தில் சில சொற்கள் தட்டுத் தடுமாறினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தன. ஒருநாள் என்னைப் பார்த்து நிதானமாக, "தாத்தா… பேப்பர்… தலகீழா… இருக்கு" என்றாள். உண்மைதான். அன்று ஒட்டுக்கேட்பதில் கவனமாக இருந்துவிட்டேன்.

ஆனால் சொல் தெளியத் தெளியக் குரலும் தெளிந்தது. பிள்ளை திண்டாடாதபோது கரகரப்பு எங்கிருந்து வரும்? முதலாளி போய் நின்று கேட்டால் கரகரப்பும் இல்லை, மூக்கும் இல்லை, காற்றும் இல்லை. சாதாரணமாக ஒரு சிறுமியின் குரல் வந்தது. சாஸ்திரத்தில் அதற்கு இடமில்லை. அந்தச் சமயம் பார்த்து இரண்டு ஆர்டர் கைநழுவின. டாலரும் இன்னும் கொஞ்சம் வழுக்கியது.

"என்றா சதீசு, சாமி கொரலோட கலரு சேடு வெளுத்துட்டே வருதே?" என்றார் சென்னிமலை.

"ப்ராசஸ்ல ஏதோ தப்பு நடக்குதுங்கப்பா" என்றான் எம்.பி.ஏ.

"வர்ற வெள்ளிக்கிழம நானே போறன். நேர்ல நின்னு கேட்டாத்தான் வேல நடக்கும்."

சாயப்பட்டறைக்காரனிடம் கலர் சரியில்லை என்று சண்டைக்குப் போவதற்கு முன் அவர் மீசையை எப்படித் தடவுவாரோ, அப்படித் தடவினார்.

ஒச்சம்மாள் என்னைக் கம்பெனி கேட் பக்கத்தில் மறித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "அய்யா, நீங்களாச்சும் எதையாவது சொல்லி நிப்பாட்டுங்கய்யா. அந்த ஜனனிப் புள்ள உள்ளதச் சொல்லிப்புடும். கரகரப்பு போகத்தான் பயிற்சின்னு தெரிஞ்சா வண்டியும் போச்சு, லீவும் போச்சு. எம்புள்ள ஆடு மேய்க்கப் போயிரும்."

"பார்க்கலாம் தாயி" என்று பெருமூச்சு விட்டேன். முன் சீட்டை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதே என்ற கவலைதான் எனக்கு. வெள்ளிக்கிழமை விடியும் முன்பே சுமோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சுப்பண்ணா, நீங்களும் வாரீங்களா?" என்றார். "துணைக்குங்க" என்றேன். யாருக்குத் துணை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவிநாசி ரோடு முழுக்க வேல்விழி பின் சீட்டில் ஜன்னலில் தெரிந்ததற்கெல்லாம் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். "பஸ்… மாடு… கோழி லாரி…" ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வர வர, அம்மாவின் முகம் ஒவ்வொரு மாற்றுக் குறைந்தது. மகள் பேச வேண்டும் என்று நேர்ந்துகொண்ட தாய், "வாய மூடிட்டு வாடி" என்று கிள்ளியதை அன்றுதான் பார்த்தேன்.

பயிற்சி அறை சின்னது. ஒரு கண்ணாடி, குட்டி நாற்காலி, சோப்புநுரை ஊதும் டப்பா. சென்னிமலை நாற்காலியில் பாதி அளவுக்கு உட்கார்ந்து, கனைத்துக்கொண்டு, விஷயத்துக்கு வந்தார்.

"அம்மிணி, நான் நேரா சொல்லிப்போடறன். தப்பா நெனைக்கப்படாது. நாங்க குடுத்தது டார்க் சேடு. நீங்க வெளுத்து வெளுத்துக் குடுக்கறீங்க."

ஜனனி விழித்தாள். "எதைங்க?"

"கொரலைத்தான். மொதல்லெல்லாம் கரகரன்னு எப்படி இருக்கும்! இப்ப எல்லாப் புள்ளைகளாட்டப் பேசுது."

ஜனனியின் முகம் மலர்ந்துவிட்டது. வேலையைப் பாராட்டத்தான் ஒரு பெரிய மனிதர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் பாவம். "கவனிச்சீங்களா! ரொம்ப சந்தோஷங்க. இன்னும் கொஞ்ச நாள் விடாம வந்தா அந்தக் கரகரப்பு சுத்தமாப் போயிருங்க. அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"



சென்னிமலை மெதுவாக ஒச்சம்மாள் பக்கம் திரும்பினார். "ஏனம்மிணி, என்ற வண்டியிலயே கூட்டியாந்து, என்ற சாமியவே அழிச்சுப்போட்டியாக்கு? நாளையில இருந்து வண்டியும் கெடையாது, லீவும் கெடையாது. பாத்துக்க."

ஒச்சம்மாள் சேலையை இழுத்துச் செருகினாள். "எம்புள்ள சாமி இல்லீங்க. பள்ளிக்கூடம் போகப்போற புள்ள. இம்புட்டு நாளா அது எப்படிச் சொல்லுச்சுன்னு பாத்தீங்களே, என்ன சொல்லுச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? மொத நாளே பொம்மைய மிதிக்காதீங்கன்னுதான் சொல்லுச்சு. உங்க யாவாரத்துக்கு எம்புள்ள தொண்டைய வச்சுக் குறி பாக்காதீங்க."

இருவரும் மூச்சு வாங்கினார்கள். ஜனனிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் புரிந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் ஆனந்தமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் சண்டையைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த வேல்விழி, முதலாளியின் வேட்டி நுனியை இழுத்தாள்.

"அய்யா… கரடி… வேணுமா?"

"என்ன சாமி?"

வேல்விழி உதட்டைக் குவித்து ஒரு நொடி தேடினாள். பிறகு, பழைய கரகரப்பு, அதே ஜெனரேட்டர், அடிவயிற்றிலிருந்து வந்தது. "எங்க… அம்மா… பேரு… ஒச்சம்மா." சென்னிமலை நாற்காலியோடு அரையடி நகர்ந்தார்.

"கொசு… வேணுமா?" அதே வாக்கியம் மூக்கு வழியாக மெலிந்து ரீங்காரமிட்டது. "ரகசியம்?" அதே வாக்கியம் வெறும் மூச்சுக்காற்றாக வந்தது. கடைசியில் நெஞ்சில் கை வைத்து, "இது… நான்" என்று சொல்லிவிட்டு, அதையே தன் சொந்தக் குரலில், 'ஒச்சம்மா' வரும்போது கொஞ்சம் மேலே ஏற்றி இறக்கிச் சொன்னாள். கடை விரித்து நாலு துணியையும் தொட்டுக் காட்டுகிற தோரணை.

ஜனனி கைதட்டினாள். "இது எங்க விளையாட்டுங்க. கரடி மாதிரி, கொசு மாதிரி, ரகசியம் மாதிரின்னு குரலை மாத்திப் பழகறது. இவளை மாதிரிக் குழந்தைங்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். முன்னாடி அந்தக் கரகரப்பு தானா வந்துச்சு, அவ கையில இல்ல. இப்ப அவளா நினைச்சு வரவைக்கறா, வேண்டாம்னா நிறுத்தறா. அவ பேச்சு அவ சொன்னபடி கேட்க ஆரம்பிச்சிருச்சுங்க."

இதைவிடத் தெளிவாக விஞ்ஞானத்தை யாரும் விளக்க முடியாது. சென்னிமலை ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"முன்னெல்லாம் சாமி அதா நெனச்சப்ப வரும்" என்றார் தழுதழுத்து. "இப்பக் கூப்புட்டா வருது. போன்னாப் போகுது. மூணு சாமியும் சொன்னபடி கேக்குது!"

"ஐயோ, அப்படி இல்லீங்க" என்று ஆரம்பித்தாள் ஜனனி. ஒச்சம்மாள் பின்னாலிருந்து இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். ஜனனி அவளைப் பார்த்தாள், வேல்விழியைப் பார்த்தாள், திறந்த வாயை அப்படியே மூடினாள். படித்த பெண், சட்டென்று புரிந்துகொண்டாள்.

"இன்னும் எத்தன நாளைக்குங்க இந்தப் பயிற்சி?"

"குறைஞ்சது ஒரு வருஷமாவது…"

"ரெண்டாப் போடுங்க" என்றார் முதலாளி.

ஒச்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று எனக்கே பிடிபடாத ஒரு குலுக்கல் குலுங்கினாள். பிறகு பாண்டித்துரைக்குப் போன் போட்டு, "உங்க அக்காகிட்டச் சொல்லிருங்க, எம்புள்ள அங்கிட்டு வரல" என்றாள்.

திரும்பி வரும்போது முன் சீட்டு என் கையைவிட்டுப் போய்விட்டது. அங்கே வேல்விழி முதலாளி மடியில் உட்கார்ந்திருந்தாள். அவிநாசி தாண்டும்வரை அவர் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"சாமி, இந்த டாலரு ஏறுமா, எறங்குமா?"

வேல்விழி யோசித்தாள். கரடி வரவில்லை, கொசு வரவில்லை. திருப்பூர்த் தண்ணீர் குடித்த மரியாதையோடு, தன் குரலில், "தெரியாது… ங்க" என்றாள்.

"இது எந்தச் சாமி சொல்றது கண்ணு?"

"நான்."

அந்த வருடம் டாலர் எங்கே போகும் என்று எத்தனையோ பெரிய ஆட்கள் டை கட்டிக்கொண்டு டி.வி.யில் சொன்னார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. வேல்விழி சொன்னதுதான் கடைசிவரை பலித்தது.